பன்னிரண்டும் பன்னிரண்டும்

பாப்பா,

நேற்று காலை நீ சிரித்ததைப் பார்த்தேன். வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. அப்படியே நின்றுவிட்டாய். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கும் அந்த இரண்டடி இடத்தில், உன் அம்மா செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். "படம் நின்னு போச்சு, கட் பண்ணிட்டு திரும்பப் போடு" என்றேன். "இருங்க, முகமாவது தெரியுதுல்ல" என்றாள். நின்றுபோன உன் முகத்தோடு ஐந்து நிமிடம் பேசினாள். கால் வீக்கம் வடிந்ததா, சம்பந்தியம்மா கீரை செய்து கொடுக்கிறார்களா, இடது பக்கமாகப் படுக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் காத்திருந்து, பதில் வராமலே அடுத்த கேள்விக்குப் போனாள். கடைசியில் "சரி, வெச்சிடறேன்டி" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டிவலியோடு படி இறங்கினாள். எனக்கு உடனே இறங்க மனம் வரவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நிற்கும். பாதியில் நின்றால் மிச்சத்தைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வேன், என் குணம் எனக்குத் தெரியும். நேரில் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது நாள் நீ இதே வீட்டில்தான் இருந்தாய், சொல்லவில்லை. ஆகவே முப்பத்து நான்கு வருடம் ஊராருக்கெல்லாம் டெலிபோன் இழுத்துக் கொடுத்த லைன்மேன், பெற்ற பெண்ணுக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். உனக்காக வாங்கிப் போட்ட மேஜையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போன பிறகு அதில் யாரும் எதுவும் வைப்பதில்லை. உன் அம்மா மட்டும் தினமும் துடைக்கிறாள்.

அந்த மேஜையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆவணியில் கோவையில் வளைகாப்பு முடித்து, உன் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க ரயிலில் அழைத்து வந்தோம். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கும்போது உன் அம்மா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! பார்க்கிறவர்கள் எல்லோரிடமும், அவர்கள் கேட்காவிட்டாலும், "தலைப்பிரசவம், நம்ம ஊட்லதான்" என்றாள். வாசலில் ஆரத்தி எடுத்தாள். முன் அறையைக் காலி செய்து, ஜன்னலோரம் மேஜை போட்டு, முதுகுக்குத் தலையணை தைத்து வைத்திருந்தாள். ஒன்பதாம் மாதம் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் அனுமதி வாங்கியிருந்தாய். இந்த வருடம்தான் உன்னை ஒரு குழுவுக்குத் தலைவி ஆக்கியிருந்தார்கள், இப்போது போய் விட்டுவிட முடியாது என்றாய். எனக்கு அதில் பெருமைதான். வெளிநாட்டுக்காரர்களோடு என் பெண் பேசுவதைத் தெருவே கேட்கட்டும் என்று ஜன்னலைக்கூடத் திறந்து வைத்தேன்.

தெரு கேட்டது என்ன? "ஹலோ, கேக்குதா, கேன் யூ ஹியர் மீ?" அவ்வளவுதான். முதல் நாளே மூன்று முறை லைன் அறுந்துபோயிற்று. சிம் போட்ட பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அது அறையில் எடுக்கவில்லை, கூடத்தில் எடுக்கவில்லை, மாடிப்படியில் கொஞ்சம் எடுத்தது, மொட்டை மாடியில் தொட்டி ஓரம் எடுத்தது. அடுத்த நாள் பிளாஸ்டிக் நாற்காலியை நீயே தூக்கப் போனாய், நான் பிடுங்கிக்கொண்டேன். ஏழு மாத வயிற்றோடு, ஒரு கையில் குடை, மடியில் கம்ப்யூட்டர். வளையல் சத்தம் மீட்டிங்கில் கேட்கிறது என்று துணியால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டாய். அந்தத் துணியைப் பார்த்துவிட்டு உன் அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள், உனக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவால்லப்பா, காத்து நல்லா வருது" என்றாய்.

பிறகு அந்தத் தூறல் நாள். மீட்டிங் நடுவில் மழை பிடித்து, கம்ப்யூட்டரைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினாய். நான்காவது படியில் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துவிட்டாய், விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் மறுநாளே மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. "எட்டாம் மாசம் பொறந்துட்டா பயணம் வேணாம்னு சொல்றாங்க மாமா, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன். அங்க நெட்டு நல்லா இருக்கு" என்றார். குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண், பிள்ளையோடு போகாமல் வயிற்றோடு திரும்பிப் போவது எங்கள் இரண்டு பக்கத்திலும் நடந்ததில்லை. உன் அம்மா கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ என்னைப் பார்த்து, "நம்ம தெருவுக்கு ஏம்ப்பா இன்னும் ஒயர் வரல?" என்று கேட்டாய். "கம்பெனிக்காரன் வரமாட்டேங்கறான் பாப்பா" என்றேன்.

அது பொய். கம்பெனிக்காரன் வந்தான். ஒருவன் இல்லை, இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் பட்டாபிராமில் இருந்த ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய கதை. அப்போது டெலிபோன் என்றால் ஒரே இலாகா, எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரும் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவர் பெயர் வந்துவிட்டது, இழுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. தெருவில் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா லைன்மேன், எப்ப வர்ற?" என்று கேட்டார். அந்த "ஏம்ப்பா" எனக்குப் பிடிக்கவில்லை. ஊரெல்லாம் சார் என்கிறது, இவர் யார் என்னை ஏம்ப்பா என்பதற்கு? ஒயர் ஸ்டாக் இல்லை என்று சொல்லி ஒன்றரை மாதம் இழுத்தடித்தேன். சைக்கிளில் கட்டுக் கட்டாக ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஊரில் படுக்கையில் இருந்தார்கள் போலிருக்கிறது. தினமும் சாயங்காலம் கடைத்தெரு டெலிபோன் பூத்தில், மழையில் குடையோடு, தன் முறைக்காக நிற்பார். நான் டீ குடித்துக்கொண்டே எதிரே நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் போய் இழுத்துக் கொடுத்த அன்று அவர் போனுக்குப் பூ வைத்து, தேங்காய் உடைத்து, எனக்குக் கேசரி கொடுத்தார். "ரொம்ப நன்றிங்க சார்" என்றார். கேசரியைச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல்.

அந்த வெட்கம் மெதுவாகத்தான் வந்தது. தனியார் கம்பெனிகள் வந்து, ஜனங்கள் கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிற மாதிரி செல்போன் வாங்க ஆரம்பித்தபோது வந்தது. என்னை யாரும் சார் என்று கூப்பிடவில்லை, தேடவும் இல்லை. முதலில் கோபம். பிறகு ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு வாத்தியார் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தார். ஒருவன் கையிலேயே எல்லாம் இருந்தால் அவன் என்னை மாதிரி ஆகிவிடுவான் என்று தோன்றியது. இரண்டு பேர் இருந்தால் ஒருவனுக்கு மற்றவன் மேல் பயம் இருக்கும், அந்தப் பயத்தில் நமக்கு மரியாதை இருக்கும். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த தப்புக்குப் பரிகாரம் மாதிரி நினைத்தேனோ என்னவோ. இந்த ஞானோதயம்தான் என்னையும் நம் தெருவையும் கவிழ்த்தது.

உனக்குக் கல்யாணம் ஆகிப் போன மறு வருடம் தணிகாசலம் வந்தார். முன்னே கேபிள் டிவிக்கு மாதாமாதம் வசூலுக்கு வருவாரே, ஒல்லியாக, எப்போதும் காதில் பேனா செருகியிருப்பார், அவர்தான். கேபிள் முதலாளி தொழிலை மூடிவிட்டு திருமழிசைப் பக்கம் தண்ணீர் கேன் போடப் போய்விட்டதால், இவர் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் டெலிபோன் விஷயம் தெரிந்தவன் என்று நேரே என்னிடம் வந்தார். "சார், இருவத்தி நாலு ஊடு கீது உங்க தெருவுல. பதினஞ்சு ஊட்டாண்ட கையெழுத்து வாங்கிக் குட்த்துடுங்க. ஒரே மாசத்துல பொட்டி வெச்சி ஒயர் இஸ்த்து உட்டுர்றேன். பதினஞ்சுக்குக் கொறஞ்சா மட்டும் மேல ஒத்துக்க மாட்டான் சார், அதான் ரூல்சு" என்றார். சரி என்றேன். நான்கு நாள் கழித்து சிவப்புச் சட்டை போட்ட இன்னொருவர், வேறு கம்பெனி, ஆவடியிலிருந்து வந்தார். அவரும் அதே மாதிரி பதினைந்து என்றார். அவர் முன்னவரைவிடக் கொஞ்சம் மலிவாகவே சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இருபத்து நான்கு வீட்டையும் ஒருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். யாராக இருந்தால் என்ன? அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் தெருக்காரர்களைக் கூப்பிட்டேன். வாத்தியார் கதை சொல்லவில்லை, அதன் தத்துவத்தை மட்டும் சொன்னேன். "ரெண்டு பேர் வர்றாங்க. ஒரே ஆள் கையில தெருவைக் குடுத்துட்டா நாளைக்கு அவன் வெச்சதுதான் சட்டம். வடக்கு வரிசை பன்னெண்டு வீடும் நீலச் சட்டைக்குப் போடுங்க, தெக்கு வரிசை பன்னெண்டு வீடும் சிவப்புச் சட்டைக்குப் போடுங்க. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கினு வருவான், பாருங்க" என்றேன். பதினைந்து என்ற கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் நம்பவே இல்லை. பேரத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு வீட்டை எதிராளிக்கு விட்டுவிட்டு எந்தக் கம்பெனிக்காரனாவது போவானா என்று கணக்குப் போட்டேன். எதிர்வீட்டு ஏழுமலை, அவர்தான் திருமழிசை எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிறவர், "லைன்மேன் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முதல் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை அத்தனை பேர் சார் என்று கூப்பிட்டார்கள். அன்று எனக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது பாப்பா.

இரண்டு பேரும் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். வரவில்லை. மாதம் ஒன்று, இரண்டு, நான்கு என்று போயிற்று. நம் தெரு முனையில் புதிதாகக் கட்டினார்களே, எட்டு மாடி அடுக்ககம், அங்கே நீலக் கம்பெனி வந்தது, அடுத்து சிவப்பு வந்தது, பிறகு மூன்றாவதாக இன்னொன்றும் வந்தது. ஒவ்வொருவரும் மெயின் ரோட்டைத் தனித்தனியாகத் தோண்டினார்கள். ஒருவன் தோண்டி மூடிய பள்ளத்தை அடுத்தவன் வந்து திறந்தான். நம் வீட்டுப் பழைய டெலிபோன் லைன் அப்போது அறுந்ததுதான், இலாகாவின் புது ஒயரும் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கே ஒரே ஜன்னலுக்கு மூன்று பேர் ஒயர் இழுத்து, எங்களிடம் வா, எங்களிடம் வா என்று தினமும் நோட்டீஸ் போடுகிறார்கள். நூறு அடி தள்ளி நமக்கு ஒருவரும் இல்லை. நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த மூன்று ஒயரும் தெரியும். நீ குடை பிடித்து உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே அவைதான் தொங்கிக்கொண்டிருந்தன.

நீ போன மூன்றாம் நாள் மானத்தை விட்டு தணிகாசலத்தைத் தேடிப் போனேன். பட்டாபிராம் பஜாரில் டீக்கடையில் பிடித்தேன். இப்போது அவர் சிவப்புச் சட்டையில் இருந்தார்! "இன்னா சார் பண்றது, அங்க டார்கெட் டார்கெட்னு உசுர எட்த்தானுங்க, இங்க வந்துட்டேன்" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "தப்பா நினைக்காத சார், உங்க தெரு மேட்டரு எனுக்கு மட்டுந்தான் முழுசா தெரியும். நீலக் கம்பெனில இருந்தப்போ உங்க தெருவுக்கு நேரா இன்னா எழ்தினாங்க தெரியுமா? பன்னெண்டு ஊடு எதிராளி கையில போய்டுச்சு, மீதிக்கு செலவு பண்ணா கட்டாது, உட்டுடுன்னு. இங்க சிவப்புக்கு வந்து பாத்தா, இங்கயும் அதேதான் எழ்தி வெச்சிகிறானுங்க. இவன் அவன் ஏரியான்றான், அவன் இவன் ஏரியான்றான். நான் அன்னிக்கே சொன்னேனே சார், பதினஞ்சுன்னு." டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்காக இல்லை. அடுக்ககத்துச் சங்கத்தில் போய், அவர்கள் பெட்டியிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு ஒயர் மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினேன். வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை என்று செக்யூரிட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். வீடு வீடாகப் போய் மறுபடி ஒரே தாளில் கையெழுத்துக் கேட்டேன். "போன தடவ போட்டோமே சார், இன்னா ஆச்சு?" என்றார் ஏழுமலை. அவர் பையன்கள் இரண்டு பேரும் பாடம் படிக்க, பரீட்சைக்கு எழுதிப் போட என்று ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள், அங்கே சிக்னல் கிடைக்குமாம். பிளாட்பாரத்தில் அவர்களைப் பார்த்தால் நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஏழுமலை கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கம்பெனிக்காரனுங்க ஏமாத்திட்டானுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினேழு வீடு சேர்ந்தது. தணிகாசலம் தாளை வாங்கிக்கொண்டு போய் அலைந்தார். பதில் வந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை ரோட்டைத் தோண்டவோ கம்பத்தில் கட்டவோ அனுமதி கிடையாதாம், தையில் செய்து தருகிறார்களாம். உனக்குக் கார்த்திகை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தை மாதத்தை இந்தப் பக்கம் இழுக்கவும் முடியாது, குழந்தையிடம் போய்க் கொஞ்சம் பொறு என்று சொல்லவும் முடியாது. முப்பத்து நான்கு வருடம் எத்தனை பேரைப் பொறு பொறு என்று சொல்லியிருக்கிறேன்!

உன் அம்மாவை அங்கே அனுப்பலாமே என்று நீ கேட்டாய். நானும் சொன்னேன். பத்து நாள் வந்து இருப்பாள், அது வேறு. ஆனால் அவள் கேட்பது, "எம்பொண்ணுக்குச் செய்யறதுக்கு இன்னொருத்தர் வீட்டு அடுப்புல பாத்திரம் கேட்டுக்கினு நிக்கணுமா?" என்று. பத்தியச் சாமானெல்லாம் வறுத்து இடித்து டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். தொட்டில் கட்ட கூடத்து விட்டத்தில் கொக்கி மாட்டச் சொன்னாள், மாட்டினேன். அதற்கடியில் நடக்கும்போதெல்லாம் குனிந்தே போகிறேன், தலை இடிக்காது என்று தெரிந்தும்.

போன வாரம் தணிகாசலம் தாள் விஷயமாக வீட்டுக்கு வந்தார். சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் உன் அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏம்ப்பா, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? வாயும் வயிறுமா இருந்த பொண்ணு மொட்ட மாடியில குடையப் பிடிச்சிக்கினு உக்காந்துச்சே, ஒரு ஒயர் இழுக்க மனசு வரலியா உங்களுக்கு? எங்க ஊட்டுக்காரரு எத்தினி பேருக்கு இழுத்துக் குடுத்த கை தெரியுமா? அவர் பொண்ணுக்கு இல்லன்னுட்டீங்களே!" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பார். "எங்க மேலதாம்மா தப்பு, மன்ச்சிக்கோங்க" என்றார். உன் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கோபத்திலும் மறக்காமல் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் வீட்டுக் கேசரியைவிட அந்த மோர் என்னைப் படுத்துகிறது, அதை நான் குடிக்கக்கூட இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒருவன் எழுதினால் ஏதாவது சொல்லத்தானே செய்வான். நீ இப்போது ஒரு குழுவுக்குத் தலைவி. நாலு பேர் உன் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். உனக்குத் தெரிந்ததை முழுதாக அவர்களிடம் சொல்லிவிட்டு அப்புறம் யோசனை சொல். பாதியை மறைத்து நல்லது செய்கிறேன் என்று கிளம்பாதே. பழைய தப்புக்கு வருத்தப்பட்டால், அந்த ஆளிடமே போய் வருத்தப்படு. நான் வாத்தியாரிடம் போயிருக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்குச் செய்ததற்கு என் தெருவை வைத்துக் கணக்குத் தீர்க்கப் பார்த்தேன். கடைசியில் என் பெண்ணையே மழையில் குடையோடு உட்கார வைத்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்லிவிடுவாய், உன் குணம் அப்படி. கொஞ்ச நாள் கோபமாகவே இரு.

பத்தாவது படிக்கும்போது திருச்சிக்குப் போய்விட்ட உன் சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? உறையை ஒட்ட மறந்துவிட்டாய். "எங்கப்பா ஊருக்கெல்லாம் போன் குடுப்பார், வீட்டுப் போனைத் தொட விடமாட்டார்" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா வழியில் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்து, அன்றைக்கே என்னிடம் சண்டை போட்டு, ஞாயிறுதோறும் நீ பேசுவதற்கு அனுமதி வாங்கிக் கொடுத்தாள். ஒட்டாத உறை கையில் கிடைத்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

இன்று வெள்ளிக்கிழமை. உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், இது ஐந்தாவது வாரம். கொல்லையில் பழத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. எத்தனையோ முறை அவள் எதிரே போய் நின்று வாயைத் திறந்துவிட்டு, காபி கேட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இன்றும் அப்படித்தான் ஆகும். அதனால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்து, போகிற வழியில் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். பூந்தமல்லியில் பஸ் மாற அரை மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும். இது உன் கைக்கு வரும்போது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் திரும்பி வந்து என்ன சொல்வாளோ, பேசாமலே இருந்துவிடுவாளோ, தெரியவில்லை. முகவரி எழுதிவிட்டேன், தபால் தலையும் ஒட்டிவிட்டேன். உறையை ஒட்டவில்லை. அவள் எப்போதும் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடியை, எலுமிச்சம்பழப் பையில் நானே எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பா